குழந்தையின் சினமும் அச்சமும்

கல்வியாண்டின் முதல் வாரத்தில் நாட்டின் எந்தப் பகுதிக்குச் சென்றாலும் ஏறத்தாழ ஒரே வகையான காட்சியைக் காணலாம். அங்கன்வாடியின் வாயிற்படியில் ஒரு குழந்தை தாயின் சேலைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டு கதறுகிறது. உள்ளே மற்றொரு குழந்தை, தன் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிய தோழனைக் கடித்துவிடுகிறது. மூன்றாவது குழந்தையோ சுவரோரமாக அமர்ந்து, எவரோடும் பேசாமல், கொடுத்த சுண்டலையும் தின்னாமல் வாயிலையே நோக்கியவண்ணம் இருக்கிறது. பணியாளர் ஒருவர், குழந்தைகள் 25 பேர். அவர் முதற் குழந்தையைச் சமாதானப்படுத்துகிறார், இரண்டாவதைக் கண்டிக்கிறார், மூன்றாவதைப் பற்றி அவர் கவலை கொள்வதில்லை. அது தொல்லை தருவதில்லையன்றோ?

முதற் குழந்தைக்குப் ‘பிடிவாதக்காரன்’ என்றும், இரண்டாவதற்குப் ‘போக்கிரி’ என்றும், மூன்றாவதற்குச் ‘சாது’ என்றும் சில நாட்களுக்குள்ளாகவே பெயர் ஏற்பட்டுவிடும். இவை குணத்தைச் சுட்டும் பெயர்களேயன்றிக் காரணத்தைக் காட்டுவன அல்ல. மூன்று குழந்தைகளையும் அந்நிலைக்கு உள்ளாக்கியது ஒரே அச்சமாக இருத்தல் கூடும். பழகிய முகங்களைப் பிரிந்து, பழகாத இடத்தில் தனித்து விடப்பட்டதால் எழுந்த அச்சம் அது. ஒரு குழந்தை அதனை அழுகையாலும், ஒன்று கடியாலும், ஒன்று மௌனத்தாலும் வெளியிடுகிறது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 இடங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவி, ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளைக் கொண்டதாக விரிந்துள்ளது. அங்கே குழந்தையின் எடையும் உயரமும் அளந்து குறிக்கப்படுகின்றன. 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளின் கல்விக்காக 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற தேசியக் கலைத்திட்டச் சட்டகம், எழுத்தறிவையும் எண்ணறிவையும் போலவே மனவெழுச்சி வளர்ச்சியையும் ஒரு குறிக்கோளாகக் கொண்டுள்ளது. எனினும், எடையை அறியத் தராசு உண்டு. அச்சத்தை அறியத் தராசு இல்லை. பணியாளரின் கண்ணும் செவியும் பொறுமையுமே அதற்குரிய கருவிகள். அக்கருவிகளைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய அடிப்படை விவரங்கள் சில ஈண்டுத் தொகுத்துக் கூறப்படுகின்றன.

உடலில் நிகழ்வது என்ன?

சினமும் அச்சமும் மனத்தில் மட்டும் நிகழ்வன அல்ல. அவை உடல் முழுவதையும் ஆட்கொள்வன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர், உணவுண்ட பூனைகளின் இரைப்பை அசைவுகளை எக்ஸ்-கதிர்களின் துணைகொண்டு ஆராய்ந்துவந்தார். பூனை அமைதியாக இருக்கும்வரை இரைப்பை சீராக அசைந்தது. பூனை கலக்கமடைந்தபோதோ அவ்வசைவு நின்றுவிட்டது. இதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிகளை அவர் 1915ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அச்சமோ சினமோ தோன்றும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் செலுத்துகின்றன. இதயத் துடிப்பு விரைவுபடுகிறது; இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது; இரைப்பையிலிருந்து தசைகளுக்கு இரத்தம் திருப்பப்படுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது என்பதே இதன் பொருள்.

இதனை அறிந்த ஆசிரியர், பள்ளிக்குப் புறப்படும் வேளையில் ‘வயிறு வலிக்கிறது’ என்று கூறும் குழந்தையை உடனே பொய்யன் என்று கருதமாட்டார். அச்சத்தால் வயிறு உண்மையாகவே வலிக்கலாம். அச்சமுற்ற குழந்தை உணவை மறுப்பதும் கொழுப்பினால் அன்று. அவ்வேளையில் அதன் வயிறு உணவை ஏற்கும் நிலையில் இல்லை என்பதே உண்மை.

இவ்வாறு எழும் வேகத்தை அடக்கி ஆள்வது, நெற்றிக்குப் பின்னால் அமைந்துள்ள மூளையின் முன்பகுதி ஆகும். ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் பகுதிகள் பிறவியிலிருந்தே சுறுசுறுப்பாகத் தொழிற்படுகின்றன. அடக்கி ஆளும் முன்பகுதியோ மெல்ல மெல்ல வளர்ந்து, 20 வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி எய்துகிறது. விரைந்தோடும் வண்டிக்குத் தடைக்கட்டை இன்னும் பொருத்தி முடியவில்லை என்று இந்நிலையைக் கூறலாம். ஆகவே மூன்று வயதுக் குழந்தையிடம், “உன்னை நீயே அடக்கிக்கொள்” என்று கட்டளையிடுவது, அதனிடம் இல்லாத ஒன்றைக் கேட்பதாகும். பெரியவர் சிறிது காலம் அதற்குத் தடைக்கட்டையாக நிற்றல் வேண்டும். தூக்கி அணைத்தல், தாழ்ந்த குரலில் பேசுதல், அருகில் அமர்ந்திருத்தல் ஆகியவற்றால் குழந்தையின் உடல் தணிகிறது. பலமுறை இவ்வாறு தணிவிக்கப்பட்ட குழந்தையே நாளடைவில் தானே தணிந்துகொள்ளக் கற்கிறது.

வயதும் மனவெழுச்சியும்

பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின், 1839ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த தம் மூத்த மகனின் வளர்ச்சியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 37 ஆண்டுகள் கழித்து, 1877இல், அக்குறிப்புகளைக் கட்டுரையாக்கினார். பிறந்து எட்டாம் நாளிலேயே குழந்தை முகத்தைச் சுளித்தது. ஆயினும் அது சினத்தால்தானா என்று உறுதி கூற இயலாது என அவர் எழுதினார். நான்கு மாதம் நிரம்பும் தறுவாயில் முகமும் தலையும் சிவக்க அது சினங்கொண்டதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. 11 மாதத்தில், வேண்டாத விளையாட்டுப் பொருளைக் கொடுத்தால் அதனைத் தள்ளி அடித்தது. பெரும் விஞ்ஞானியாகிய அவர் ‘என் மகன் முரடன்’ என்று முடிவு கட்டவில்லை; எப்பொழுது, எதன்பின், எவ்வாறு என்றே குறித்துவைத்தார். குழந்தைகளோடு பழகுவோர் அனைவரும் பின்பற்றத்தக்க முறை இது.

அதன் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் பொதுவானதொரு வரிசை தெளிவாகியுள்ளது. எட்டு, ஒன்பது மாதங்களில் புதியவரைக் கண்டு அஞ்சுதலும் தாயைப் பிரிய மறுத்தலும் தோன்றுகின்றன. இது வளர்ச்சியின் அறிகுறியேயன்றிக் குறைபாடு அன்று; தனக்குரியவர் இன்னார் என்று குழந்தை அறிந்துகொண்டதை அது காட்டுகிறது. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை தரையில் விழுந்து புரண்டு அழும் சினப்பெருக்கு மிகுதியாகக் காணப்படும். விருப்பம் வளர்ந்துவிட்டது, அதனைச் சொல்லும் மொழி இன்னும் வளரவில்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம். இரண்டு வயதையொட்டி நாணமும் பெருமிதமும் தலைகாட்டுகின்றன. மூன்று, நான்கு வயதில் மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம் ஆகியவற்றை முகம் பார்த்து ஓரளவு இனங்காண இயலுகிறது. ஒருவர் உள்ளே ஒன்றை உணர்ந்து வெளியே வேறொன்றைக் காட்டக்கூடும் என்பது ஏறத்தாழ ஆறு வயதில் விளங்கத் தொடங்குகிறது. ஒரே நிகழ்ச்சி மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் சேர்த்தே தரக்கூடும் என்பதோ அதற்கும் சில ஆண்டுகள் பிந்தியே விளங்கும். ஆதலின், அடித்துவிட்டு அழும் நான்கு வயதுக் குழந்தையிடம், “அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்” என்று நீண்ட அறிவுரை கூறுவதில் பயன் குறைவு. அடிபட்டவனின் முகத்தைக் காட்டி, “பார், அவனுக்கு வலிக்கிறது; அழுகிறான்” என்று ஒரே வாக்கியத்தில் கூறுவதே அவ்வயதிற்கு ஏற்றது.

சொல்லின் பயன்

பசி என்ற சொல்லை அறிந்த குழந்தை சோறு கேட்கிறது. அதனை அறியாத குழந்தை அழுகிறது. மனவெழுச்சிகளின் நிலையும் இத்தகையதே. ‘பயமாயிருக்கிறது’, ‘அம்மா நினைவு வந்துவிட்டது’, ‘என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் கடிக்க வேண்டிய தேவை குறைகிறது.

2007ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் வயது வந்தோரைக்கொண்டு ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். சினமும் அச்சமும் தோன்றும் முகங்களின் படங்களைக் காட்டி, அம்முகத்திலுள்ள உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுமாறு கேட்டபொழுது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் பரபரப்புக் குறைந்து, முன்பகுதியின் ஒரு பாகம் மிகுதியாகத் தொழிற்பட்டது. பெயரிடுதல் ஒரு வகையில் தணிவித்தலுமாகும் என்பதற்கு இது சான்று.

தமிழ் மொழியில் இதற்கு வேண்டிய சொல் வளம் பண்டே உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படுதலை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்கள் கூறுகிறது. அது செய்யுளுக்குரிய இலக்கணமே, உளநூல் அன்று. எனினும், அழுகைக்கு அது கூறும் நான்கு காரணங்கள் ஆசிரியரின் சிந்தனைக்கு உரியன. பிறரால் இகழப்படுதல், அன்புக்குரியதை இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்து வருந்துதல், வறுமை ஆகியவையே அவை. வகுப்பில் ஒரு குழந்தை அழும்போது இந்நான்கையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால், ‘வீண் அழுகை’ என்று தள்ளத்தக்கவை மிகச் சிலவே என்பது புலனாகும்.

சொல் கற்பித்தல் தனிப் பாடமாக நிகழ வேண்டுவதில்லை. கதை சொல்லும்போது இடையில் நிறுத்தி, “குட்டி ஆடு வழி தவறிவிட்டதே, இப்பொழுது அதற்கு எப்படி இருக்கும்?” என்று கேட்கலாம். குழந்தைகள் ‘அழும்’ என்பர், ‘பயப்படும்’ என்பர், ‘அம்மாவைத் தேடும்’ என்பர். மூன்றும் சரியான விடைகளே. வகுப்பில் நிகழ்வதற்கும் அவ்வப்பொழுது பெயர் தரலாம். “கட்டிய வீடு சரிந்துவிட்டது, உனக்குக் கோபம் வந்துவிட்டது” என்று கூறுவது குழந்தையைக் குற்றஞ்சாட்டுவதும் அன்று, அதன் செயலுக்கு இணங்குவதும் அன்று. “கோபம் வரலாம், ஆனால் அடிக்கக் கூடாது” என்ற வேறுபாட்டை அடுத்த வாக்கியத்தில் உறுதியாகக் கூறவேண்டும். உணர்ச்சிக்குத் தடையில்லை, செயலுக்கு எல்லை உண்டு. இம்முறை முழுவதற்கும் அடிப்படை இதுவே.

‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்பதும், ‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு கோபமா?’ என்பதும் வழக்கிலுள்ள பேச்சுக்கள். முன்னது துயரத்தையும் பின்னது சினத்தையும் ஒழிப்பதில்லை. அவற்றை மறைக்க மட்டுமே கற்பிக்கின்றன. அழக்கூடாது என்று கற்ற சிறுவனின் துயரம் பெரும்பாலும் சினமாக உருமாறி வெளிவருகிறது.

காரணத்தைக் குறித்துவைத்தல்

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் குடினஃப் என்னும் அம்மையார், சிறு குழந்தைகளின் சினத்தைப் பற்றிய தம் ஆராய்ச்சியை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். குழந்தை சினங்கொண்ட ஒவ்வொரு முறையும் நேரம், காரணம், பெரியவர் செய்தது, முடிவு ஆகியவற்றைத் தாய்மார் வீட்டிலேயே குறித்துவைத்தனர். உணவு வேளைக்கு முன்னரும், உறக்கம் குறைந்தபோதும், சளி போன்ற சிறு நோயுற்றபோதும் சினம் மிகுவதை அக்குறிப்புகள் காட்டின. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தாளும் எழுதுகோலுமே போதுமாயிருந்தன.

அங்கன்வாடிப் பணியாளரும் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் இதனைச் செய்து பார்க்கலாம். அடிக்கடி சினங்கொள்ளும் குழந்தை ஒன்றைத் தேர்ந்து, இரண்டு வாரங்களுக்கு நான்கே செய்திகளைக் குறித்து வரவேண்டும். அவையாவன: என்ன நேரம், அதற்குச் சற்று முன் நிகழ்ந்தது என்ன, பெரியவர் செய்தது என்ன, அமைதி அடைய எவ்வளவு நேரமாயிற்று. இரண்டு வார முடிவில் ஏதேனும் ஒரு ஒழுங்கு தென்படக்கூடும். 11 மணிக்குமேல் மட்டும் சண்டையிடும் குழந்தை காலையில் உண்ணாமல் வருவதாக இருக்கலாம். பின்னால் இருந்து அழைத்தால் திரும்பாமல், தொட்டால் மட்டும் திடுக்கிட்டுச் சீறும் குழந்தைக்குச் செவிப்புலன் குன்றியிருக்கலாம். விளையாட்டை நிறுத்தும்போதெல்லாம் கதறும் குழந்தைக்கு, “இன்னும் மூன்று முறை ஊஞ்சலாடியபின் உள்ளே போகலாம்” என்ற முன்னறிவிப்புப் போதுமானதாக இருக்கலாம். ‘குணம்’ என்று கருதப்பட்டது இவ்வாறு பசியாகவும், நோயாகவும், பழக்கக் குறையாகவும் பிரிந்து விளங்கும்.

சினப்பெருக்கின் போக்கைப் பற்றியும் ஒரு செய்தி அறியத்தக்கது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, சிறு குழந்தைகளின் சினப்பெருக்கில் பெரும்பாலானவை ஐந்து நிமிடங்களுக்குள் முடிவுற்றன. கத்துதல், உதைத்தல் போன்ற சினக் குறிகள் விரைவில் எழுந்து விரைவில் தணிந்தன. அழுகையும் விம்மலுமாகிய துயரம் தொடர்ந்து நீடித்தது. இறுதியில் குழந்தை பெரியவரின் அணைப்பைத் தேடியது. ஆகவே, சினம் உச்சத்திலிருக்கும்போது பேச்சைக் குறைத்து, குழந்தைக்கும் பிறருக்கும் ஊறு நேராதபடி காத்து நிற்க வேண்டும். விம்மல் மட்டும் எஞ்சி, குழந்தை நெருங்கி வரும்பொழுது அணைத்துக்கொள்ள வேண்டும். அறிவுரைக்கு உரிய காலம் அதற்கும் பிறகே. கேட்ட பொருளை உச்சத்தில் கொடுத்துவிடுதலோ ‘கத்தினால் கிடைக்கும்’ என்ற பாடத்தையே புகட்டும்.

அழுகை ஓய்ந்த குழந்தை

சுவரோரமாக அமர்ந்திருந்த மூன்றாவது குழந்தையைப் பற்றி இனிக் கூறவேண்டும். இலண்டனில் பணிபுரிந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் சமூகப் பணியாளர், 1952ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் எடுத்தார். அறுவை மருத்துவத்திற்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலையை அப்படம் நாள்தோறும் காட்டியது. அக்காலத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையுடன் தங்க இடமளிப்பதில்லை. சில நாட்களில் குழந்தை அமைதியாகிவிடும். அதாவது ‘பழகிவிடும்’ என்பதே மருத்துவர், செவிலியர் பலரின் கருத்து.

அவ்வமைதி பழகியதன் அடையாளம் அன்று என்பதை ராபர்ட்சன் எடுத்துக்காட்டினார். பிரிவுற்ற குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பின்னர் நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. இறுதியில், தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவிற்குப் பற்று விடுகிறது. இரண்டாம் நிலையையே பெரியவர்கள் ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டிவந்தனர். படத்திற்குத் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆயினும், குழந்தைகளைக் கட்டுப்பாடின்றிக் காணப் பெற்றோரை அனுமதிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கக் குழு ஒன்று பரிந்துரைத்தது.

அங்கன்வாடியில் குழந்தை இருப்பது சில மணி நேரமே. மாலையில் தாயிடம் மீள்கிறது. ஆகவே மருத்துவமனையின் நிலையை இதனோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. எனினும் ஒரு படிப்பினை இரண்டிற்கும் பொது: அழுகை நின்றதனால் துயரமும் நின்றது என்று கொள்ளலாகாது. அமைதியாக இருக்கும் குழந்தை விளையாடுகிறதா, உண்கிறதா, அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா என்பவற்றைக் கவனித்தல் வேண்டும். முதல் வாரத்தில் தாயோ பாட்டியோ சிறிது நேரம் உடனிருந்து, நாள்தோறும் அந்நேரத்தைக் குறைத்துவருதல் நலம். பிரியும்போது, குழந்தை பாராத வேளையில் நழுவிச் செல்வதைவிட, “சாப்பாடு முடிந்ததும் வருவேன்” என்று சொல்லிச் சென்று, சொன்னபடியே வருதல் வேண்டும். நழுவிச் செல்லும் தாயின் குழந்தை, மறுநாள் சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும்.

அடியும் அச்சுறுத்தலும்

பாவ்நகரில் 1920ஆம் ஆண்டில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்த கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்து ஆசிரியரானவர். அடியும் அச்சமும் இல்லாத கல்வியே அவர் கொள்கை. கதை, பாட்டு, நாடகம், சுற்றுலா ஆகியவற்றைக் கொண்டே அவர் குழந்தைகளைப் பழக்கினார். ‘மீசை வைத்த அம்மா’ என்னும் பொருளுடைய செல்லப் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அவர் 1939இல் மறைந்து 70 ஆண்டுகள் கழிந்தபின், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் குழந்தைகளுக்கு உடல் தண்டனை தருதலையும் மனத் துன்பம் விளைத்தலையும் தடை செய்தது. இச்சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் தடுக்கிறது என்பதனால் மட்டும் அடி தவிர்க்கத்தக்கதன்று. அடி அழுகையை நிறுத்துவது உண்மையே. ஆனால் அச்சத்தை அதனினும் பெரிய அச்சத்தால் அடக்கியே அது நிறுத்துகிறது. கடித்த குழந்தையை அடிக்கும் பெரியவர், வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதனையே செயலில் காட்டுகிறார். ‘பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்’ என்பதும், ‘நர்ஸம்மாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்பதும் இத்தகையனவே. இப்பேச்சின் விளைவைக் கிராமச் செவிலியரே நேரில் காண்கிறார். அவர் தடுப்பூசிப் பெட்டியுடன் தெருவில் நுழைந்ததும் குழந்தைகள் ஓடி ஒளிகின்றனர். ஊசி வலிக்காது என்று பொய் கூறுவதைவிட, “எறும்பு கடித்ததுபோல் வலிக்கும், உடனே போய்விடும், அம்மா மடியில் உட்கார்ந்துகொள்” என்று கூறுதல் நன்று.

சினத்தைத் தீர்க்கத் தலையணையைக் குத்தச் சொல்லும் வழக்கமும் உண்டு. வயது வந்தோரைக்கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சியில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக் குத்தியவர்களின் சினம் குறைவதற்கு மாறாக மிகுந்தது. மூச்சை மெதுவாக வெளிவிடுதல் இதயத் துடிப்பைத் தணிக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி என்று கூறினால் விளங்காது. ஓலைக் காற்றாடியைக் கையில் கொடுத்து, அது மெல்லச் சுழலும்படி நீளமாக ஊதச் சொன்னால் போதும். ஆனால், அமைதியான வேளையில் விளையாட்டாகப் பழகியிருந்தால்தான் சினத்தின்போது அது கைகொடுக்கும்.

காத்திருக்கக் கற்றல்

1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் மிஷெல் என்பவர் நிகழ்த்திய சோதனைகள் புகழ்பெற்றவை. குழந்தையின் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, சிறிது நேரம் உண்ணாமல் காத்திருந்தால் கூடுதலாகத் தருவதாகக் கூறினார். பண்டம் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டபோதும், வேறு மகிழ்ச்சியான செய்தியை நினைக்குமாறு சொல்லப்பட்டபோதும் குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தனர். மனவுறுதியைவிட வழிமுறையே பெரிதும் உதவியது என்பது இதனால் விளங்கும்.

காத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் மிக்க வெற்றி பெறுவர் என்று பின்னர்ப் பரவிய கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. 2018ஆம் ஆண்டில் பெருந்தொகையான குழந்தைகளைக்கொண்டு ஆராய்ந்தபோது அத்தொடர்பு சிறிதாகவே காணப்பட்டது. குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் கொண்டபின் அது மேலும் குறைந்தது. 2013ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு ஆசிரியர்களுக்கு இன்னும் பயனுடையது. முன்னர் வாக்களித்ததை நிறைவேற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 12 நிமிடங்கள் காத்திருந்தனர். வாக்குத் தவறியவரிடம் ஏறத்தாழ 3 நிமிடங்களே காத்திருந்தனர். ஆகவே, அடக்கம் குழந்தையிடம் மட்டும் உள்ள குணம் அன்று. பெரியவரின் சொல் தவறாமையும் அதில் அடங்கியுள்ளது. ‘நாளைக்குப் பந்து தருகிறேன்’ என்று கூறியவர் மறுநாள் தந்தேயாக வேண்டும்.

ஆசிரியரின் மனநிலையும் புற உதவியும்

பணியாளரும் மனிதரே. 25 குழந்தைகளின் இரைச்சலும், பதிவேடுகளின் சுமையும், சொந்தக் கவலைகளும் அவரையும் சினங்கொள்ளச் செய்யும். அவ்வேளையில், “எனக்கு இப்பொழுது கோபமாயிருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்” என்று குழந்தைகள் கேட்கக் கூறி, உதவியாளரைக் கவனிக்கச் சொல்லி அவ்வாறே செய்வாராயின், மனவெழுச்சியை ஆளும் முறையைக் குழந்தைகள் கண்ணாற் கண்டு கற்பர். தவறிக் கடிந்துவிட்டால், குழந்தையிடம் வருத்தம் தெரிவிப்பதனால் அவரது மதிப்புக் குறைந்துவிடாது.

அன்பாலும் பழக்கத்தாலும் மட்டும் தீராத நிலைகளும் உண்டு. கற்ற பேச்சை இழத்தல், பல வாரங்களாகியும் எவரோடும் கலவாதிருத்தல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், முன்பு கலகலப்பாயிருந்த குழந்தை காரணம் தெரியாமல் ஒடுங்கிப்போதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் நடுங்குதல் ஆகியவற்றைப் புறக்கணிக்கலாகாது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும்போது இக்குழந்தைகளைக் காட்டுதல் வேண்டும். மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் பணியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தைக்கு எவரேனும் தீங்கிழைப்பதாக ஐயம் எழுந்தால், 1098 என்னும் சிறார் உதவி எண் உண்டு. அத்தகைய குழந்தையைப் பலர்முன் விசாரிப்பதும், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அடக்குவதும் பெருந் தவறுகள்.

இங்குக் கூறியவற்றுள் பெரும்பொருட் செலவு வேண்டுவது எதுவும் இல்லை. நேரமும் கவனமும் வேண்டும். நேரமே பணியாளரிடம் குறைவாக உள்ளது என்பதும் உண்மை. ஆயினும் தொடங்குவதற்கு ஓர் எளிய வழி உண்டு. நாளைக் காலையில் கதறும் குழந்தை தானே கவனத்தை ஈர்க்கும். கடிக்கும் குழந்தையையும் எவரும் மறக்கமாட்டார். அவ்விருவரையும் கவனித்தபின், சுவரோரமாக அமர்ந்திருக்கும் குழந்தையின் அருகில் பணியாளர் இரண்டு நிமிடம் அமரவேண்டும். கேள்வி ஏதும் கேட்க வேண்டுவதில்லை. ஒரு பொம்மையைக் கையில் எடுத்து, தாமே விளையாடத் தொடங்கினால் போதும். முதல் நாள் அது திரும்பிப் பாராமல் இருக்கலாம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதன் கை பொம்மையை நோக்கி நீளக்கூடும். அன்று அது அழவும் கூடும். அவ்வழுகையைக் கண்டு பணியாளர் வருந்த வேண்டுவதில்லை. அழுதால் அணைப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று அக்குழந்தை நம்பத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.